மக்கும் என்னும் சொல்

ஜொகூர் பாரு, பொழுது புலருமுன்பே விழித்துக்கொள்ளும் நகரம். 1924ஆம் ஆண்டு முறையாகத் திறந்துவைக்கப்பெற்ற கடற்பாலத்தின் வழியே நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று மீள்வோர் இலட்சக்கணக்கில் உளர். அவருள் பெரும்பாலோர்க்கு வீட்டில் அமர்ந்து பசியாற நேரமில்லை. விடியற்காலை நான்கு மணிக்கே விளக்கேற்றி அடுப்பு மூட்டும் சாலையோரக் கடைகளே அவர்களுக்கு அன்னமிடுகின்றன. நாசி லெமாக் ஒரு பொட்டலம், ரொட்டி சானாய் இரண்டு, அதற்குப் பருப்புக் குழம்பு, கொதிக்கக் கொதிக்கத் தே தாரிக். தேநீர், மெல்லிய நெகிழிப் பையில் ஊற்றப்பெற்று, வாய் சுருக்கிக் கயிற்றால் கட்டப்பட்டு, மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு புறப்பட்டுவிடும்.

அப்பொட்டலத்தை அவிழ்த்து எண்ணிப் பார்த்தால் ஒருவருடைய காலையுணவுக்கு ஒரு வெளிப்பை, ஓர் உணவுப்பெட்டி, குழம்புக்கு ஒரு சிறுபை, தேநீர்க்கு ஒரு பை, ஓர் உறிஞ்சுகுழல், ஒரு கரண்டி என ஆறு நெகிழிப் பொருள்கள் தேறும். அவை பயன்படும் காலம் கால்மணி நேரமோ, அரைமணி நேரமோதான். அதற்குப் பின்னர் அவற்றின் நீண்ட வாழ்வு தொடங்குகின்றது. காற்றில் பறந்தவை சாக்கடையில் விழுகின்றன. சாக்கடை சுங்கை செகெட் போன்ற ஆறுகளைச் சேர்கின்றது. ஆறு ஜொகூர் நீரிணையில் கலக்கின்றது. அந்நீரிணையின் மேற்கே, சுங்கை பூலாய் முகத்துவாரத்தை அடுத்துள்ள மெராம்போங் கடற்புல் திட்டில் கடற்குதிரைகளும் கடற்பசுக்களும் வாழ்கின்றன என்பதைக் குழம்புப் பையை எறிந்தவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

பழங்காலத்தைப் போற்றுவோர், வாழையிலையும் பழைய நாளிதழும் இருந்த நாளில் இத்தொல்லை இல்லை என்பர். உண்மைதான். கடைக்காப்பியைக்கூட வெறுமையான கெட்டிப்பால் டின்னில் ஊற்றி, விளிம்பில் துளையிட்டுக் கயிறு கட்டித் தூக்கிச் சென்ற காலம் இந்நாட்டில் இருந்தது. ஆயினும், அக்காலத்தைப் பொன்னுலகாக எண்ணுதல் முறையன்று. இலை கிழியும், குழம்பு ஒழுகும், மழையில் நாளிதழ் நைந்துபோகும், அச்சுமை சோற்றில் ஒட்டும். நெகிழி வந்தபோது ஏழை எளியோர் அதனை வரவேற்றமைக்குத் தக்க காரணம் இருந்தது. 1933இல் இங்கிலாந்தில் எதிர்பாராது கண்டறியப்பட்ட பாலித்தீனும், 1965இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று உரிமம் பெற்ற கைப்பிடிப் பையும் ஒரு சில சென் செலவில் சூடான குழம்பைச் சிந்தாமல் வீடு சேர்த்தன. நெகிழியின் குற்றம் அதன் குணத்திலேயே அடங்கியிருக்கின்றது. அது கெடுவதில்லை, கெடாத ஒன்றைக் கால்மணி நேரப் பயனுக்கு நாம் அமர்த்திக்கொண்டோம்.

இந்நகரில் அத்தகைய கடை ஒன்றை நடத்திவரும் அம்மையார் ஒருவரிடம் பொருள் வழங்குநர் புதுவகைப் பைகளையும் பெட்டிகளையும் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றின்மேல் பச்சை நிறத்தில் ஓர் இலைப்படம். அதன்கீழ் ‘பயோடிகிரேடபல்’ என்னும் ஆங்கிலச் சொல். ‘மக்கும் நெகிழி, அம்மா, இனிமேல் எல்லாரும் இதைத்தான் வாங்க வேண்டும்’ என்பது அவர் தந்த விளக்கம். விலை சற்றுக் கூடுதல். அம்மையார் வாங்கினார். பொட்டலத்துக்கு இருபது சென் ஏற்றினார். முணுமுணுத்த வாடிக்கையாளரிடம், ‘இது மக்கிப்போகும் பை, உலகத்துக்கு நல்லது’ என்று எடுத்துரைத்தார். ஆலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு இருபது சென் என்றால், மாத முடிவில் அது ஒருவேளை உணவு. அதை அவர் நன்கறிவார். ஆகவே, தாம் சொன்ன சொல் மெய்யா என்னும் ஐயம் அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள், வழக்கமாகப் பசியாற வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டேவிட்டார்.

“ஐயா, இந்தப் பை மக்கிடும்னு சொல்றாங்க. எங்கே மக்கும்? என் வீட்டுக் கொல்லையிலயா, குப்பை லாரி கொண்டுபோய்க் கொட்டுற எடத்துலயா? எத்தனை நாளாகும்?”

ஆசிரியர் சிரித்தார். “நன்னூல் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள், அம்மா!” என்றார்.

அவர் கூற்றில் பொருள் உண்டு. பெயரெச்சம் அறுவகைப் பெயர்களுள் ஒன்றைக் கொண்டு முடியும் என்பது இலக்கணம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்பன அவ்வாறு. ‘மக்கும்’ என்னும் பெயரெச்சத்தை வணிகர் ‘நெகிழி’ என்னும் வினைமுதலோடு மட்டும் முடித்து விற்கின்றனர். மக்கும் நிலம் எது? மக்கும் காலம் எவ்வளவு? மக்குதற்குக் கருவியாகும் ஈரமும் வெப்பமும் நுண்ணுயிரும் எத்தகையன? இம்மூன்றும் பையின்மேல் அச்சிடப்படுவதில்லை. எழுத்தறிவு மிகுதியாக இல்லாத அவ்வம்மையார், இலக்கண ஆசிரியர் கேட்க வேண்டிய வினாக்களை அப்படியே கேட்டுவிட்டார். (வகுப்பறையில் மாணவனை ‘மக்கு’ என்று ஏசும் பழக்கமுடைய ஆசிரியர்கள் இனிமேலாவது அச்சொல்லைக் குப்பைமேட்டுக்கு விட்டுக்கொடுப்பது நலம்.)

‘உயிர்நெகிழி’ என்னும் பெயரும் இதே போன்ற மயக்கத்தை உடையது. அது சில வேளைகளில் பொருளின் பிறப்பைக் குறிக்கின்றது; சில வேளைகளில் அதன் இறப்பைக் குறிக்கின்றது. பிரேசில் நாட்டில் கரும்பிலிருந்து பெறும் எரிசாராயத்தைக் கொண்டு 2010 முதல் பாலித்தீன் செய்கின்றனர். பிறப்பால் அது கரும்பின் வழிவந்தது. ஆனால், பாறையெண்ணெயில் பிறந்த பாலித்தீனைப் போலவே அதுவும் மக்காது. மறுபுறம், பி.பி.ஏ.டி. எனப்படும் நெகிழி பெரும்பாலும் பாறையெண்ணெயில் பிறந்தது. எனினும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுகின்றன. பிறப்பைக் கொண்டு குணம் தீர்மானிக்கலாகாது என்பது மக்களுக்கு மட்டும் உரிய அறம் அன்று போலும்.

இவ்விரண்டிலும் சேராத ஒரு வகையும் கடைகளில் உலவியது. சாதாரணப் பாலித்தீனோடு சில உலோக உப்புகளைக் கலந்துவிட்டால், வெயிலும் காற்றும் பட்டு அது நொறுங்கித் துகளாகும். கண்ணுக்குத் தெரியாமற் போவதால் மக்கிவிட்டதுபோல் தோன்றும். உண்மையிலோ, பொறுக்கி எடுக்கக்கூடிய ஒரு பை, எவராலும் பொறுக்க இயலாத பல்லாயிரம் துணுக்குகளாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இவ்வகை நெகிழியை 2021 சூலை முதல் தடைசெய்தது. மக்குதல் வேறு, நொறுங்குதல் வேறு. மக்கினால் எஞ்சுவன நீரும், கரிவளியும், எருவுமே. நொறுங்கினால் எஞ்சுவது நெகிழியே.

மெய்யாகவே மக்கக்கூடிய உயிர்நெகிழிகளுள் மிகுதியாகப் பயன்படுவனவற்றுள் ஒன்று பாலிலாக்டிக் அமிலம். அமெரிக்காவில் சோளத்திலிருந்தும், தாய்லாந்தின் ராயோங் மாநிலத்தில் கரும்பிலிருந்தும் இதனைச் செய்கின்றனர். ராயோங் ஆலை 2018இல் ஆண்டுக்கு 75,000 டன் ஆற்றலுடன் தொடங்கப்பெற்றது. செய்முறை நம் அடுக்களைக்கு அயலானதன்று. சர்க்கரையை நுண்ணுயிர்களுக்கு உணவாக்கி லாக்டிக் அமிலம் பெறுகின்றனர். தயிரைப் புளிக்கச் செய்யும் அதே அமிலம். பிறகு அம்மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் கண்ணாடி போன்ற தெளிந்த நெகிழி கிடைக்கின்றது.

அது மக்குதற்கு ஏறத்தாழ 58 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். ஈரமும் காற்றும் செறிந்த பெரும் எருவாக்கக் கூடங்களில்தான் அவ்வெப்பம் நீடித்து நிற்கும். ஜொகூர் பாருவின் உச்சிவெயிலும் 33, 34 பாகைதான். கொல்லையில் புதைத்தால் அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும்; கடலில் விழுந்தாலும் அவ்வாறே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாதாரணப் பாலிலாக்டிக் அமிலம் ஏறத்தாழ அதே 60 பாகையை அடுத்து இளகத் தொடங்கிவிடும். மக்குதற்கு எவ்வெப்பம் வேண்டுமோ, அவ்வெப்பத்தைத் தே தாரிக்கே கொடுத்துவிடும். கோப்பை குடிப்பவர் கையில் நெளிந்துவிடும்!

எருவாகத் தக்க பொதிபொருள் எது என்பதற்கு ஐரோப்பாவில் ஈ.என். 13432 என்னும் தரம் உண்டு. எருவாக்கக் கூடத்தின் நிலைமையில் 12 வாரங்களுக்குள் அப்பொருள் சிதைந்து, 2 மில்லிமீட்டர்ச் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்காதிருக்க வேண்டும். 6 மாதங்களுக்குள் 90 விழுக்காடு கரிவளியாக மாற வேண்டும். நிலமும் காலமும் இங்கே சொல்லப்பட்டுவிட்டன என்பதைக் காண்க. மலேசியாவிலும் சிரிம் நிறுவனம் மக்கும், எருவாகும் நெகிழிப் பொதிபொருள்களுக்கென ‘ஈகோ 001’ என்னும் சான்றை வகுத்துள்ளது. இலைப்படத்தை எவரும் அச்சிடலாம். சான்றெண்ணைப் பொய்யாக அச்சிட்டால் சரிபார்த்துவிடலாம். கடைக்கார அம்மையார் தம் வழங்குநரிடம் அவ்வெண்ணைக் கேட்டார். அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொன்னவர், அடுத்த வாரம் விலைக்குறைப்போடு வந்தார், எண்ணோடு வரவில்லை.

தரமற்ற சொற்களின் விளைவை இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டிற்று. பலவகைப் பைகளைத் திறந்தவெளியிலும் மண்ணிலும் கடலிலும் மூன்றாண்டுகள் இட்டுவைத்தனர். மூன்றாண்டு மண்ணிலும் கடலிலும் கிடந்த பின்னரும் ‘பயோடிகிரேடபல்’ எனப் பெயரிட்ட பை, கடைச்சாமான்களைச் சுமக்கும் வலிமையோடிருந்தது. ‘எருவாகும்’ எனப் பெயரிட்ட பையோ கடலில் மூன்று மாதத்தில் மறைந்துவிட்டது. ஆனால், மண்ணில் 27 மாதங்களுக்குப் பிறகும் கிடந்தது, பளு தாங்கும் வலிமையை மட்டும் இழந்து. ஒரே பை, இரண்டு நிலம், இரண்டு விதி.

அங்ஙனமாயின், ஜொகூர் பாருவில் எறியப்படும் பையின் நிலம் எது? 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவு நிர்வாகச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. 2015 செப்டம்பர் முதல் இங்குள்ள வீடுகள் குப்பையைப் பிரித்துப் போடுதல் வேண்டும் என அறிவிக்கப்பட்டது. 2016 சூன் முதல் மீறுவோர்க்குத் தண்டமும் உண்டு. தாள், நெகிழி போன்ற மறுசுழற்சிப் பொருள்கள் ஒருபுறம். எச்சிலும் மீதமும் மறுபுறம். எருவாகும் பைக்கென மூன்றாம் புறம் ஒன்று அத்திட்டத்தில் வகுக்கப்படவில்லை. அதை மறுசுழற்சித் தொட்டியில் இட்டால் மற்ற நெகிழியோடு கலந்து அதன் தரத்தைக் கெடுக்கும். மீதக்குப்பையில் இட்டால் லாரி ஏறிச் சீலோங் குப்பை நிலத்துக்குப் போய்ச்சேரும். அங்கே மண்ணடுக்குகளின்கீழ்க் காற்றுப் புகாத ஆழத்தில் பாலிலாக்டிக் அமிலம் அசையாமல் கிடக்கும். மாவுப்பொருள் கலந்தவை மெல்லச் சிதைந்து மீத்தேன் வளியை உண்டாக்கும். அதனைக் குழாயிட்டுக் கைப்பற்றாவிடில், கரிவளியினும் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அவ்வளி வானில் கலக்கும். ஆக, அம்மையார் கூடுதலாகக் கொடுத்த விலைக்கும், தொழிலாளி கூடுதலாகக் கொடுத்த இருபது சென்னுக்கும் ஈடாகச் சீலோங்கில் நிகழ்வது ஏதுமில்லை.

இதனால் உயிர்நெகிழி வீண் என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். இவற்றுள் வேறொரு குடும்பம் உண்டு. அதன் கதை நம் நாட்டோடும், நம் தோட்டப்புறத்தோடும் தொடர்புடையது. 1926இல் பிரான்சின் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த மொரீஸ் லெமோயின் என்பார், சில நுண்ணுயிர்கள் தம் உடலுக்குள் நெகிழி போன்ற மணிகளைச் சேமித்துவைப்பதைக் கண்டறிந்தார். நாம் கொழுப்பைச் சேமிப்பதுபோல அவை இதைச் சேமிக்கின்றன. பசித்தால் அதையே உண்கின்றன. பி.எச்.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் இந்நெகிழியை ஓர் உயிர் உணவாகவே ஆக்கிவைத்ததால், அதனைத் தின்னத் தெரிந்த உயிர்கள் மண்ணிலும் ஆற்றிலும் கடலிலும் உள்ளன. எருக்கூடத்தின் வெப்பத்தை இது எதிர்பார்ப்பதில்லை. 1990இல் செருமனியில் தலைக்குத் தேய்க்கும் சவர்க்காரக் குழம்பு இந்நெகிழிப் புட்டியில் விற்பனைக்கு வந்தது. விலை கட்டுப்படியாகாமையால் அம்முயற்சி அப்பத்தாண்டின் இறுதியில் கைவிடப்பட்டது.

அந்நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரைக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெயை உணவாக்கும் ஆராய்ச்சியில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுதேஷ் குமார் பல்லாண்டுகளாக ஈடுபட்டு உலகறிந்த பெயர் பெற்றார். எண்ணெய் உண்ட நுண்ணுயிரின் உலர்ந்த எடையில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் நெகிழியாகவே அமைதல் கூடும். அதனைப் பிரித்தெடுப்பதுதான் இடர். குளோரோபாம் போன்ற நச்சுக் கரைப்பான்கள் தேவைப்பட்டால், தூய பொருளைச் செய்யத் தூய்மையற்ற வழியை நாடியதாகிவிடும். அவர் குழுவினர் கண்ட வழி வியப்புக்குரியது. உலர்த்திய நுண்ணுயிர்களை முதலில் எலிகளுக்கு உணவாகக் கொடுத்தனர். அவ்வாய்வு 2013இல் வெளிவந்தது. பின்னர் மாவுப்புழுக்களுக்குக் கொடுத்தனர். புழு, நுண்ணுயிரின் புரதத்தைச் செரித்துக்கொண்டது. நெகிழி மணிகளைச் செரிக்க இயலாமல் எச்சமாக வெளியேற்றிற்று. அவ்வெச்சத்தைக் கழுவித் தூய்மை செய்தால் வெண்ணிறத் தூளாக நெகிழி கிடைக்கின்றது. கொழுத்த புழுவோ மீனுக்கும் கோழிக்கும் தீனியாகக் கூடியது. ஆலையும் கரைப்பானும் செய்ய வேண்டிய வேலையை ஒரு புழு செய்துவிடுகின்றது!

சிரிம் நிறுவனமும் 2011இல் சா ஆலாமில் இந்நெகிழிக்கென முன்மாதிரி ஆலை ஒன்றைத் தொடங்கிற்று. எண்ணெயை மட்டுமன்றிச் செம்பனை ஆலையின் கழிவுநீரையும் மூலப்பொருளாக்குதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அவ்வழியே சிறந்தது எனத் தோன்றுகின்றது. உண்ணும் எண்ணெயைப் பையாக்குவதற்காகக் காட்டை அழித்து மேலும் செம்பனை நடுவதாயின், ஒரு தீங்கை வாங்கிக்கொண்டு மற்றொரு தீங்கை விற்றவராவோம். ரப்பர்ப் பால் என்னும் இயற்கை நெகிழ்பொருளைத் தம் முன்னோர் வெட்டியெடுத்த மண்ணில், செம்பனையிலிருந்து மற்றொரு நெகிழ்பொருளைக் காணும் ஆராய்ச்சிக்குத் தமிழ்ப்பெயர் தாங்கிய ஒருவர் தலைமை தாங்கினார் என்பதை நம் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அதோடு, இன்றும் இந்நெகிழி பாலித்தீனைவிடப் பன்மடங்கு விலையுடையது என்பதையும் மறைக்காமல் எடுத்துரைத்தல் வேண்டும். உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் நாற்பது கோடி டன்னுக்கு மேற்பட்ட நெகிழியில், எல்லாவகை உயிர்நெகிழியும் சேர்ந்து நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

சட்டங்கள் இதற்கிடையே தம் வழியில் நடக்கின்றன. கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்கள் 2017இல் மக்காத பைகளுக்கும் நுரைப்பெட்டிகளுக்கும் தடை விதித்தன. ஒருமுறை பயன்படும் நெகிழியை 2030க்குள் ஒழிப்பதற்கான திட்ட வரைவை மலேசிய அரசு 2018இல் வெளியிட்டது. தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடைசெய்தது. பின்னர் 2021இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தையும் தொடங்கிற்று. பெயரிலேயே ஒரு பேருண்மை இருக்கின்றது. ஒரு பையை எறிந்துவிட்டு வேறொரு பையை எறிவதற்கு அது வழி சொல்லவில்லை. எறியாத பையைச் சொல்கின்றது. சோற்றுக்கு வாழையிலையும் குழம்புக்குத் தூக்குச்சட்டியும் இயலுமிடத்தில் அவையே போதும். அம்மையாரும் இப்போது பெட்டியை விடுத்து, நாசி லெமாக்கை இலையிலும் தாளிலும் மடித்துக் கொடுக்கின்றார். சொந்தக் கலம் கொண்டுவருவோர்க்கு அந்த இருபது சென்னைக் கழித்துக்கொள்கின்றார். தேநீர்ப் பை மட்டும் அவருக்கு இன்னும் தீராத சிக்கல்.

இலையும் கலமும் எட்டாத இடங்கள் சில உள. உயிர்நெகிழிக்கு உரிய இடம் அங்கேதான். இத்தாலியின் மிலான் நகரம் 2012இல் தொடங்கி 2014க்குள் நகர் முழுவதும் உணவுக்கழிவைத் தனியே திரட்டும் முறையை நிறுவிற்று. பதினான்கு இலட்சம் மக்கள் தம் அடுக்களைக் கழிவை எருவாகும் பையில் கட்டி வைக்கின்றனர்; பையும் கழிவும் சேர்ந்தே எருக்கூடம் செல்கின்றன. அங்கே பை முதலில் வரவில்லை. எருக்கூடம் முதலில் வந்தது. நம் நாட்டு வீட்டுக்குப்பையில் பெரும்பங்கு உணவுக்கழிவேயாதலால், ஜொகூர் பாருவிலும் அத்தகைய கூடம் அமையுமானால் எருவாகும் பைக்கு ஒரு நிலம் கிடைக்கும்.

மற்றோர் இடம் செம்பனை நாற்றங்கால். ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்கு வேண்டிய நாற்றுகள் யாவும் கறுப்புப் பாலித்தீன் பைகளில் ஓராண்டு வளர்ந்த பின்னரே நடவுக்குச் செல்கின்றன. நடும்போது பையைக் கிழித்து வீசுகின்றனர். தோட்டத்து மண்ணில் அதன் கந்தல்களை எங்கும் காணலாம். நாற்றோடு சேர்த்தே குழியில் வைத்து மூடத்தக்க, வேர் துளைத்துச் செல்ல இடங்கொடுத்து மண்ணின் நுண்ணுயிர்க்கே இரையாகும் ஒரு பை செம்பனையிலிருந்தே ஆகுமாயின், அதற்கு நிலம் எது, காலம் எவ்வளவு என்று எவரும் கேட்க வேண்டியிராது. ஓராண்டு தாங்கி, அதன்பின் சிதைய வேண்டிய பையைச் செய்வது எளிதன்று. விரைந்து மக்கினால் நாற்றங்காலிலேயே நாற்று சரிந்துவிடும்.